ஐந்து நாள் அவகாசத்தில் கோஸ்டா ரிகா: எந்தப் பக்கம் போவது?

கோஸ்டா ரிகாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பிப்ரவரியில், ஆறு மாதம் முன்பே எல்லாம் பதிவு செய்து, குடும்பத்தோடு. இரண்டாம் முறை அக்டோபரில், தோழி ஒருத்தியோடு. ஒரு சனிக்கிழமை இரவு பேசி முடிவெடுத்து, அடுத்த வியாழன் காலை ஹூஸ்டனில் விமானம் ஏறிவிட்டோம். கையில் ஏழு இரவுகள். "திடீர்னு லீவு கிடைச்சிருக்கு, கோஸ்டா ரிகா போலாமா, எங்கே போறது?" என்று அதற்கப்புறம் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த நாட்டைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே வரிசைதான் வரும். லா ஃபோர்துனாவில் எரிமலை, மான்டெவர்டேவில் மேகக்காடு, மனுவேல் அந்தோனியோவில் கடற்கரை. தப்பான வரிசை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்குமான வரிசை, அதுவும் மாதக்கணக்கில் முன்னால் திட்டம் போடுகிறவர்களுக்கானது. ஐந்து நாளில் கிளம்புகிறவர் எந்த இடம் சிறந்தது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த மாதம் எந்தப் பக்கம் மழை குறைவு, எந்த இடத்துக்கு முன்பதிவு இல்லாமல் போய் நின்றாலும் உள்ளே விடுவார்கள், இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக அமையும்.

விசா விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம், ஏனென்றால் திடீர்ப் பயணம் பெரும்பாலும் கெடுவது அங்கேதான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிகா விசா வேண்டும். ஆனால் பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் தனியாக எடுக்க வேண்டியதில்லை. எந்த வகை விசா, இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு, அது அவ்வப்போது மாறுகிறது, அதனால் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் பக்கத்தைப் படித்துவிட்டே டிக்கெட் எடுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று: அமெரிக்காவில் வேலை விசாவை நீட்டித்த காகிதம் கையில் இருந்தும் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை காலாவதியாகிவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் அவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கோஸ்டா ரிகாவுக்கு அது கிடையாது. கோஸ்டா ரிகா விசா எடுத்துப் போய்விட்டாலும், புது அமெரிக்க முத்திரை இல்லாமல் திரும்பி வர முடியாது. அப்புறம், திரும்பும் டிக்கெட்டை விமான நிலையத்தில் கேட்பார்கள், ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து நாடுகளை நாங்கள் யோசிக்காமல் இல்லை. குவாத்தமாலாவில் பழைய நகரம், ஏரி, திக்கால் கோயில்கள் எல்லாம் உண்டு, செலவும் குறைவு. மனிதர்கள் கட்டியதைப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் தயங்காமல் அங்கே போங்கள். பனாமாவில் அமெரிக்க டாலரே புழங்குகிறது, கால்வாயும் இருக்கிறது, நகரமும் வசதியானது. மத்திய அமெரிக்காவில் செலவு அதிகமாகும் நாடு என்று பெயரெடுத்தது கோஸ்டா ரிகாதான். ஆனாலும் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து, கண்ணெதிரே குரங்கும், மரத்தில் தொங்கியபடி மிக மெதுவாக நகரும் ஸ்லாத்தும், டூக்கன் பறவையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிடலாம் என்கிற வசதி அங்கே உள்ள அளவுக்கு வேறெங்கும் சுலபமில்லை. எங்களுக்கு வேண்டியது அதுதான், அதனால் நாட்டைப் பற்றி அதிகம் விவாதிக்கவில்லை. விவாதமெல்லாம் நாட்டுக்குள் எந்தப் பக்கம் என்பதில்தான்.

மழையை எப்படிப் படிப்பது

நாட்டின் நடுவே முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர் ஓடுகிறது. தலைநகர் சான் ஹோசே அந்த மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே பசிபிக், கிழக்கே கரீபியன். பசிபிக் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், அதிலும் செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். அங்குள்ளவர்கள் வறண்ட மாதங்களைக் கோடை என்றும் மழை மாதங்களைக் குளிர்காலம் என்றும் சொல்கிறார்கள், வெயிலின் அளவு ஒன்றும் பெரிதாக மாறுவதில்லை. ஜூலை வாக்கில் மழைக்கு நடுவே கொஞ்ச நாள் வெறிக்கும், அதற்குக் குட்டிக்கோடை என்றே பெயர்.

கரீபியன் பக்கம் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வருஷம் பூராவும் மழை உண்டு. ஆனால் பசிபிக்கில் கொட்டித் தீர்க்கிற செப்டம்பரும் அக்டோபரும்தான் அங்கே மழை மிகக் குறைந்த மாதங்கள். கடலும் அப்போதுதான் அமைதியாக, உள்ளே தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கும். அக்டோபரில் போகிறவர் பொது வழிகாட்டியை நம்பி மனுவேல் அந்தோனியோவில் ஐந்து இரவு பதிவு செய்தால் மதியம் ஒரு மணிக்குமேல் அறையில் உட்கார்ந்து கூரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாட்டின் மறுபக்கம் அதே நாளில் வெயில் அடிக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் எங்கள் பட்டியலில் பாதி கழன்றுவிட்டது.

லா ஃபோர்துனாவும் மான்டெவர்டேவும்

பிப்ரவரியில் நான் போனது இந்த வழி. லா ஃபோர்துனாவை ஒட்டியுள்ள அரெனால் எரிமலை 1968 ஜூலையில் வெடித்துச் சில கிராமங்களைப் புதைத்தது, அதற்கப்புறம் 2010 வரை விடாமல் கனன்றுகொண்டிருந்தது, இப்போது அமைதியாக நிற்கிறது. இரவில் சிவப்பாக லாவா வழியும் படங்களைப் பார்த்துவிட்டு அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவை எல்லாம் பழைய படங்கள். லா ஃபோர்துனா கரீபியன் சரிவில் இருப்பதால் பசிபிக் பக்கம் வறண்டிருக்கும் பிப்ரவரியிலும் அங்கே தூறும். மூன்று நாள் இருந்தோம்; உச்சி முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு காலை, ஆறு மணிக்கு, இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காக எழுந்தது வீண் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திடீர்ப் பயணத்துக்கு லா ஃபோர்துனா நல்ல இடம்தான். தங்குமிடம் ஏராளம், முதல் நாள் தேடினாலும் கிடைக்கும். வெந்நீர் ஊற்றுகளில் பெரிய விடுதிகளின் குளங்களுக்குக் கட்டணம் அதிகம், ஆனால் அதே எரிமலை சூடாக்கும் அதே ஆறு சாலையோரமாகப் போகும் இடத்தில், எல் சோயின் என்கிற பகுதியில், யாரும் காசு கொடுக்காமல் இறங்கி உட்காரலாம். சனி, ஞாயிறு மாலைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கும். பாறை வழுக்கும், இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், கார் கண்ணாடிக்குப் பின்னால் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மான்டெவர்டே எனக்கு மனத்தில் தங்கிப்போன ஊர். 1951-இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்த குவேக்கர் குடும்பங்கள், அதாவது போரில் சேர மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், அதை அமைத்தன. போருக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் பெயர் கொடுக்க மறுத்ததால் அவர்களில் சில இளைஞர்கள் சிறைக்குப் போனவர்கள். ராணுவமே வேண்டாம் என்று 1948-இல் கலைத்துவிட்ட ஒரு நாடு இருக்கிறது என்று தெரிந்து கிளம்பி வந்தார்கள். பால் மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள், ஓடைகளின் தலைப்பகுதியில் இருந்த காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். இன்று எல்லோரும் பார்க்கப் போகும் காட்டுக்குத் தொடக்கம் அந்த முடிவுதான். அந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பொன்னிறத் தேரை ஒன்று அங்கே இருந்தது. கடைசியாக ஒருவர் கண்ணில் பட்டது 1989-இல். அதற்கப்புறம் இல்லை. காட்டைக் காப்பாற்றியும் அதைக் காப்பாற்ற முடியவில்லை என்பது அந்தப் பாதையில் நடக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம். வரைபடத்தில் இந்த இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நேர்ச் சாலை கிடையாது. நடுவே இருக்கும் ஏரியைச் சுற்றிக் காரில் போனால் மூன்றரை, நான்கு மணி நேரம். வேன் ஏறி, படகில் ஏரியைக் கடந்து, மறுபக்கம் இன்னொரு வேன் ஏறிப் போகும் வழியும் உண்டு. நேரம் ஏறத்தாழ அதேதான், ஆனால் படகில் போகும் நேரம் மிக அழகு, வண்டியும் நீங்கள் ஓட்ட வேண்டாம், முதல் நாள் மாலை விடுதியில் சொன்னாலே ஏற்பாடாகிவிடும். ஐந்து இரவுக்குக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். குளிரும் மூடுபனியும் பிடித்தவர்கள் மான்டெவர்டே. குழந்தைகளோடு போகிறவர்கள், வெந்நீரில் உட்கார விரும்புகிறவர்கள் லா ஃபோர்துனா. எரிமலைப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் ரியோ செலஸ்டேயையும் சேர்த்துக்கொள்வார்கள், தண்ணீர் வெளிர் நீலமாக ஓடும் ஆறு அது. தெளிந்த இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் பெருத்து ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற நிறம். பெரிய மழை பெய்தால் அது வெறும் செம்மண் தண்ணீர். ஆகவே மழை மாதத்தில் அதற்காக ஒரு நாளைச் செலவு செய்ய வேண்டாம்.

மனுவேல் அந்தோனியோ, உவீட்டா, ஓசா

மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவில் காடும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைமுகக் குரங்குகள் கைப்பையைத் திறக்கத் தெரிந்தவை. எல்லாம் சரி, ஆனால் செவ்வாய்க்கிழமை பூங்கா மூடியிருக்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, வாசலில் டிக்கெட் கிடையாது, அரசுத் தளத்தில் நேரம் குறித்து முன்பே வாங்க வேண்டும். டிசம்பர் கடைசியிலும் பிப்ரவரியிலும் நினைத்த நாளுக்குக் கிடைப்பது கஷ்டம். வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே சீருடை மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தி, "இங்கேதான் பார்க்கிங், இங்கேதான் டிக்கெட்" என்று கை காட்டுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் நேரே போங்கள். திடீர்ப் பயணத்துக்கு இது என் முதல் தேர்வு இல்லை.

அதற்குத் தெற்கே உவீட்டா. தாழ்கடல் நேரத்தில் மணல்திட்டு ஒன்று திமிங்கலத்தின் வால் மாதிரியே கடலுக்குள் நீண்டு தெரியும், அதில் நடந்தே போகலாம். உண்மையான திமிங்கலங்களும் அங்கே வருகின்றன. தெற்குக் கடலிலிருந்து கூனல்முதுகுத் திமிங்கலங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை குட்டி போட வந்து தங்குகின்றன. அக்டோபரில் பசிபிக் பக்கத்தை விட்டுவிட்டதில் எனக்கு வருத்தமாக இருந்தது இது ஒன்றுக்காகத்தான். காலையில் படகில் போய்ப் பார்த்துவிட்டு மதிய மழைக்கு முன் கரை சேர்ந்துவிடலாம் என்பதால் ஆகஸ்டில் போகிறவர்களுக்கு உவீட்டாவைத் தயங்காமல் சொல்வேன்.

ஓசா தீபகற்பமும் கோர்கோவாடோ காடும் விலங்குகளுக்கு ஈடில்லாதவை, டாப்பிர் என்கிற, பன்றி மாதிரி உடலும் நீண்ட மூக்கும் உள்ள விலங்கைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான். ஆனால் 2014 முதல் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும், போகவே ஒரு நாள் ஆகும், அக்டோபரில் அந்தப் பக்கத்து விடுதிகள் பல மூடிவிடும். ஐந்து நாள் அவகாசத்தில் வேண்டாம். அதை ஆறு மாதம் காத்திருந்து ஒழுங்காகச் செய்ய நான் வைத்திருக்கிறேன்.

குவானகாஸ்டே, அதாவது வடமேற்குக் கடற்கரைகள், வெறும் கடற்கரை விடுமுறை வேண்டுகிறவர்களுக்கு. அங்கே லிபேரியா என்கிற ஊரில் தனி விமான நிலையம் இருக்கிறது, இறங்கி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கடலில் கால் வைத்துவிடலாம். நான்கு இரவுதான் இருக்கிறது, பிப்ரவரி மாதம், அலைச்சல் வேண்டாம் என்றால் இதுதான் சரி. டிக்கெட் தேடும்போது சான் ஹோசே, லிபேரியா இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஆனால் விலை குறைவு என்பதற்காக லிபேரியாவில் இறங்கிவிட்டு கரீபியன் பக்கம் போக நினைக்காதீர்கள். நாட்டையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

கரீபியன் பக்கம்

அக்டோபரில் நாங்கள் எடுத்தது இதைத்தான், கவீட்டாவில் மூன்று இரவு, புவேர்டோ வியேஹோவில் இரண்டு, டோர்ட்டுகேரோவில் ஒன்று, கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில். முன்பதிவு செய்தது முதல் இரண்டு இரவு மட்டும். மற்றதெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொண்டோம், ஓரிடத்திலும் இடம் இல்லை என்ற பேச்சே வரவில்லை.

சான் ஹோசேயிலிருந்து கவீட்டாவுக்குப் பேருந்தில் நான்கரை மணி நேரம். ஊரே மொத்தம் நாலு தெரு என்று சொல்லிவிடலாம். தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்ன மரப்பாலம், பாலம் தாண்டினால் தேசியப் பூங்கா. வாசலில் ஒரு நோட்டில் பெயர் எழுதிவிட்டு விருப்பப்பட்டதை நன்கொடையாகப் போடலாம். டிக்கெட் இல்லை, நேரம் குறிப்பது இல்லை. இப்படி ஏன் இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு கதை உண்டு. 1990-களின் நடுவில் அரசு வெளிநாட்டவருக்கான கட்டணத்தை ஏகத்துக்கு உயர்த்தியபோது, யாரும் வரமாட்டார்கள், நம் பிழைப்பு போய்விடும் என்று ஊரே திரண்டு வாசலைக் கையில் எடுத்தது. பேசிப் பேசி, ஊரும் அரசும் சேர்ந்து பூங்காவை நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. இன்றும் அந்த வாசல் நன்கொடை வாசல்தான். காட்டு வழி கடற்கரையை ஒட்டியே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் போகிறது, ஒரு பக்கம் பவளப்பாறைக் கடல், மறுபக்கம் சதுப்புக்காடு. காலை ஏழு மணிக்கு நுழைந்தோம், ஒன்பதுக்குள் மூன்று ஸ்லாத், ஒரு கூட்டம் ஊளைக்குரங்கு, கிளையோடு கிளையாகச் சுருண்டிருந்த ஒரு மஞ்சள் விரியன் பாம்பு. பாம்பை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, முன்னால் போன வழிகாட்டி ஒருவர் நிறுத்திக் காட்டினார். முதல் நாளாவது ஒரு வழிகாட்டியோடு போங்கள். ஸ்லாத் தலைக்கு நேர் மேலே இருந்தாலும் நம் கண்ணுக்குக் காய்ந்த இலைக்கொத்தாகத்தான் தெரியும்.

சாப்பாடு இந்தப் பக்கத்தின் இன்னொரு பெரிய காரணம். 1871-இல் தொடங்கி 1890-இல் முடித்த ரயில்பாதை வேலைக்கும், அதற்கப்புறம் வாழைத் தோட்டங்களுக்கும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இங்கே வாழ்கிறார்கள். வயதானவர்கள் தங்களுக்குள் கரீபியன் ஆங்கிலம் பேசிக்கொள்கிறார்கள், கடைகளில் கலிப்ஸோ பாட்டு. நாட்டின் மற்ற பகுதிகளில் காலைச் சாப்பாடு கருப்பு பீன்ஸும் சோறும் சேர்த்துக் கிளறியது, மதியம் கசாடோ என்கிற தட்டு: சோறு, பீன்ஸ், சாலட், வறுத்த நேந்திரம்பழம், கூடவே மீனோ கறியோ. கறி வேண்டாம் என்றால் முட்டையோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தருவார்கள், அதனால் சைவர்களுக்கு எங்கேயும் பட்டினி இல்லை, ஆனால் நாலாம் நாள் நாக்கு செத்துவிடும். கரீபியன் பக்கம் அதே சோறும் பீன்ஸும் தேங்காய்ப்பாலில் வேகிறது, தைம் இலை போட்டு, கண்ணில் நீர் வரவைக்கும் உருண்டை மிளகாய் ஒன்றை உடைக்காமல் முழுதாக மேலே வைத்து. முதல் வாய் சாப்பிட்டதும் தோழி பேசவில்லை, தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னொன்னு சொல்லவா?" என்றாள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ரொண்டோன் என்று தேங்காய்ப்பாலில் கிழங்கும் மீனும் போட்ட குழம்பு உண்டு. சமைக்க நேரம் ஆவதால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

புவேர்டோ வியேஹோ கொஞ்சம் கலகலப்பான ஊர். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மன்சானியோ வரை 13 கிலோமீட்டர் சமதரைச் சாலையில் போகலாம், வழியில் எந்தக் கடற்கரையில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அலை பெரிதாக இருந்தால் இறங்காதீர்கள். கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம் இந்த நாட்டின் இரண்டு கரையிலும் உண்டு, பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது.

டோர்ட்டுகேரோவுக்குச் சாலையே இல்லை. படகிலோ சின்ன விமானத்திலோதான் போக முடியும். லிமோன் பக்கத்திலிருந்து கால்வாய்கள் வழியே படகில் போனோம், மூன்றரை மணி நேரம், கரையில் முதலைகளும் நாரைகளும். அங்கே ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. இரவில் உரிமம் உள்ள வழிகாட்டியோடு மட்டும்தான் கடற்கரைக்குப் போகலாம், கேமராவும் போனும் வெளியே எடுக்கக் கூடாது, கருப்பு உடை. அன்று மதியம் பேசி அன்றிரவே எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு தாய், மணலைப் பின்துடுப்பால் அள்ளி அள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு விளக்கில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு அணைத்துவிட்டார் வழிகாட்டி. இருட்டில் நாங்கள் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

இந்தப் பக்கத்துக்குக் குறைகளும் உண்டு. தலைநகரிலிருந்து வரும் 32-ஆம் எண் நெடுஞ்சாலை மலைக்காட்டுக்குள் இறங்கி வருகிறது, பெரிய மழையில் மண்சரிந்து மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். லிமோன் நகரம் பாதுகாப்புக்குப் பெயர் போனது இல்லை, அங்கே பேருந்து மாறலாம், இரவு தங்க நான் சொல்லமாட்டேன். கடற்கரையில் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். ஈரப்பதம் அதிகம், துணி காயவே காயாது, கொசு மருந்து கட்டாயம். டிசம்பரில் வந்தால் வாரம் முழுக்க மழை பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

காரா, வேனா, பேருந்தா

பிப்ரவரியில் கார் எடுத்தோம். இணையத்தில் ஒரு நாளைக்கு 9 டாலர் என்று பார்த்துப் பதிவு செய்தது, கவுண்டரில் போய் நின்றபோது பல மடங்காகிவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம், கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்குச் செல்லாது, பல வாடகைத் தளங்கள் அதை முதல் விலையில் காட்டுவதில்லை. குழந்தைகள் தூங்கி விழுந்துகொண்டிருக்க, அந்தக் கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. கட்டாயக் காப்பீடும் சேர்த்த மொத்த விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். சூரியன் வருஷம் பூராவும் ஐந்தரை, ஆறு மணிக்குள் மறைந்துவிடும், மலைச்சாலையில் விளக்கு கிடையாது, மூடுபனி உண்டு, ஆகவே மதியம் மூன்று மணிக்கு மேல் நீண்ட தூரம் கிளம்பாதீர்கள். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கும் மண்சாலைகளில் தண்ணீர் புகுந்து வண்டி கெட்டால் காப்பீடு தராது.

நாலு பேர் குடும்பம், மான்டெவர்டேயும் குவானகாஸ்டேவும் சேர்த்துப் பார்க்க ஆசை என்றால் கார்தான் வழி. இரண்டு பேர் என்றால் வேண்டாம். ஊருக்கு ஊர் ஓடும் பங்கு வேன்கள் இருக்கின்றன, ஓர் இருக்கை 50, 60 டாலர் ஆகும், விடுதி வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்குவார்கள், முதல் நாள் சொன்னால் போதும். பேருந்து அதில் கால்வாசிகூட ஆகாது, சுத்தமாக இருக்கும், நேரத்துக்குக் கிளம்பும். கரீபியன் பக்கம் நாங்கள் முழுக்கப் பேருந்தையும் சைக்கிளையும் படகையும்தான் நம்பினோம். கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேல்தட்டில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

பணம் மாற்ற அலைய வேண்டாம், டாலர் எங்கும் வாங்குவார்கள், சின்னத் தாள்களாக இருந்தால் நல்லது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 500 கொலோன் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும், ஆனால் சோடா என்கிற சின்னக் குடும்பச் சாப்பாட்டுக் கடைகளிலும் பேருந்திலும் கொலோன் கொடுப்பதுதான் லாபம். சாப்பாட்டு பில்லில் 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் உண்டு, பட்டியலில் உள்ள விலையில் அவை சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் மாதத்தைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் யோசிக்காமல் கரீபியன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால், நான்கு இரவுக்கு குவானகாஸ்டே, ஆறு ஏழு இரவுக்கு லா ஃபோர்துனாவும் மான்டெவர்டேயும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் மட்டும் கூடாது. நாடே கடற்கரையில் இருக்கும், அறையே கிடைக்காது, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் அப்படித்தான். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு வழி: திமிங்கலத்துக்கு உவீட்டா, ஆமைக்கு டோர்ட்டுகேரோ. இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள், நடுவே ஒரு முழு நாள் வண்டியில் போய்விடும். மே, ஜூன், நவம்பரில் லா ஃபோர்துனாவில் இருந்துகொண்டு காலையில் வெளியே போய், மதிய மழைக்கு வெந்நீரில் உட்காரலாம்.

எந்தப் பக்கம் போனாலும் கடைசி இரவை அலாஹுவேலாவில் வையுங்கள், விமான நிலையம் உண்மையில் அந்த ஊரில்தான் இருக்கிறது. நாங்கள் திரும்பிய அன்று காலை 32-ஆம் எண் சாலையில் மண்சரிவு, பேருந்து துரியால்பா வழியாகச் சுற்றிக்கொண்டு ராத்திரி ஏழு மணிக்குத்தான் ஊர் சேர்ந்தது. விமானம் மறுநாள் காலை என்பதால் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, துணிப்பையில் வடித்த காபி குடித்துவிட்டு நிதானமாக வந்தோம். எங்கள் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு அன்று மாலை நாலு மணிக்கு விமானம்.